மாத்திரை அட்டை தீரும் முன்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பும் பெட்டியில் எதற்கும் குறைவிருக்காது. இட்லிப் பொடி, வத்தல், மாங்காய் ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை, வலித் தைலம். பல பெட்டிகளில், துணி மடிப்புக்குள், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கும்: இரண்டு மூன்று அட்டை கருத்தடை மாத்திரை. அது தீர்ந்ததும் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டுவிட்டு வருபவர்கள் குறைவு.

கேட்டாலும் அம்மாவிடமோ மாமியாரிடமோ பதில் இருக்குமா என்பது சந்தேகம்தான். தமிழ்நாட்டில் முந்தைய தலைமுறைக்குக் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தோடு செய்துகொள்ளும் ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும், மாநிலத்தின் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சார்ந்திருப்பது அந்த ஒரே முறையைத்தான். ஆனால், கல்யாணமான கையோடு கணவரின் வேலைக்காக இங்கு வந்திறங்கும் பெண்ணுக்கும், தானே வேலை தேடி வந்த பெண்ணுக்கும் வேண்டியது ‘இனிக் குழந்தை வேண்டாம்’ என்ற முடிவல்ல. சில ஆண்டுகள் தள்ளிப்போடும் வழி. அதைப் புது ஊரில் தானாகவே தேட வேண்டியிருக்கிறது.

எருமைக் கொட்டிலில் எழுந்த கேள்வி

இத்தனைக்கும் சிங்கப்பூருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நம் மக்கள் ‘தேக்கா’ என்று அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்துக்கு மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று ஒரு பெயர் உண்டு. எருமைக் கொட்டில் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய மகப்பேற்று மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை இது. அதே ஆண்டில்தான் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தது. 1972இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கியது. 1987இல் காற்று திசை மாறியது. வசதியிருந்தால் மூன்றும் பெறலாம் என்றார்கள். 2023இல் சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

பிறப்பைக் குறைக்கச் சொன்னதும் கூட்டச் சொல்வதும் குடிமக்களுக்கான கொள்கைகள். வேலை அனுமதியிலோ டிபெண்டென்ட் பாஸிலோ வந்திருப்பவர் தன் ஏற்பாட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும்.

பெயர் வேண்டாம், கலவையைக் காட்டுங்கள்

ஊரில் காலி அட்டையைக் காட்டியே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் பழகியிருப்போம். சிங்கப்பூரில் அது நடக்காது. ஆணுறையைக் கடைகளில் தாராளமாக வாங்கலாம். மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். இதற்குப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுப் புளோக்கின் கீழே இருக்கும் பொது மருத்துவரே போதும். ரத்த அழுத்தம் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, பெரும்பாலும் அங்கேயே மாத்திரையையும் தந்துவிடுவார். தமிழில் பேச விரும்புவோருக்குத் தேக்காப் பக்கம் வசதி. தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்று தயங்குவோருக்கு வேறு வட்டாரம் வசதி. வெளிநாட்டவருக்கு மானியம் இல்லை. நிறுவனக் காப்புறுதியும் கருத்தடைச் செலவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே, கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மருத்துவரிடம் மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் கலவையைக் காட்டுங்கள். ‘நோவெலான்’ என்பதும் ‘மார்வெலான்’ என்பதும் ஒரே கலவைதான்; டெசோஜெஸ்ட்ரல், எத்தினைல் எஸ்ட்ரடையால். ‘சஹேலி’, ‘சாயா’ என்ற பெயர்களில் வரும் வார மாத்திரையின் கதை வேறு. அது லக்னோவில் உருவான ஹார்மோன் அல்லாத மருந்து. அதற்கு இங்கே மாற்று எதிர்பார்க்க முடியாது. வேறு முறைக்குத்தான் மாற வேண்டும்.

இன்னொரு கவனமும் தேவை. ‘மாலா-டி’ அட்டையில் 28 மாத்திரை. அதில் கடைசி ஏழு வெறும் இரும்புச் சத்து. இடைவெளி இல்லாமல் தினமும் போட்டுப் பழகியவர், 21 மாத்திரை மட்டுமே உள்ள அட்டைக்கு மாறும்போது ஏழு நாள் விட்டு, எட்டாம் நாள் மறக்காமல் அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். அந்த எட்டாம் நாளைத் தவறவிட்டால் பாதுகாப்பு குறைந்துவிடும்.

ஊரிலிருந்து கொண்டுவருவதானால், சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். மருத்துவர் சீட்டும் கையோடு இருக்கட்டும். காப்பர்-டி போட்டிருந்தால், போட்ட தேதியும் அதன் வகையும் எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ‘380 ஏ’ வகை பத்தாண்டு வரை தாங்கும். தினமும் மாத்திரையை நினைவில் வைப்பது சிரமம் என்பவர்களுக்கு, மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் மூன்றாண்டுக் குச்சியும் உண்டு.

மறைக்கக் கூடாதவை

ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், குடும்பத்தில் ரத்தம் உறைந்த வரலாறு, 35 வயதுக்குமேல் புகைபிடிக்கும் பழக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். இவர்களில் பலருக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை ஆகாது. பிரசவமாகி ஆறு வாரம்கூட ஆகாத, பால் கொடுக்கும் தாய்க்கும் அப்படியே. அவர்களுக்கு வேறு மாத்திரை உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

‘ஐ-பில்’ விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் கவனிக்க: அவசர மாத்திரைக்கும் இங்கே மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்; இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்குகள் உண்டு.

வேலையே போகும் இடம்

அலுவலகப் பெண்ணுக்கு இது திட்டமிடல். இல்லப் பணிப்பெண்ணாக வந்த தமிழ்நாட்டு, இலங்கைப் பெண்ணுக்கோ இது பிழைப்பு. ஒர்க் பெர்மிட் நிபந்தனைப்படி, அனுமதியின்றிக் கருத்தரித்தால் பெர்மிட் ரத்தாகி ஊர் திரும்ப நேரிடும். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு இந்த விதி இல்லை. எந்தப் பெண்ணுக்குக் கருத்தடை மிக அவசியமோ, அவருக்கே மருத்துவரைப் பார்க்க நேரமும் பணமும் குறைவு. மாதத்தில் ஒரு நாளாவது ஓய்வு தந்தே ஆக வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் தர முடியாது என்ற விதி 2023இல் வந்தது. அந்த நாளில் அவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று துருவாமல் இருப்பது முதலாளி வீட்டார் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இது மனைவி மட்டும் சுமக்க வேண்டிய கணக்கல்ல. மருத்துவரிடம் கூடப் போங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மருத்துவர் சீட்டே தேவைப்படாத ஆணுறை இருக்கிறது. அதை வாங்கி வருவது உங்கள் வேலை.