பனிநாட்டுப் பிரயாணமும் பத்திரங்களும்

நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவர்ஸ்டன் பகுதியில் மூடுபனி இறங்கும் வேளையில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிரென்றால் இதுதான் குளிர் என்று சொல்லிப் பழகிய மாத்தளை மாவட்டத்தாரிடையே, கடல் கடந்து சென்று உறைபனியையே பார்த்து வரவேண்டுமென்னும் ஆசை இப்போது அபூர்வமானதன்று. தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர், உக்குவளையில் வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருப்பவர், பிள்ளைகளைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டு ஓய்வூதியத்தில் காலங் கழிக்கும் ஆசிரியத் தம்பதியர் எனப் பலரும், மார்கழி விடுமுறையில் சூரிச்சில் இரண்டு நாள், லுசேர்னில் ஒரு நாள், பேர்ணில் ஒரு நாள், ஜெனீவாவில் இரண்டு நாள், போகிற போக்கில் பாரிஸ் என்று பட்டியல் போடுகின்றனர். அந்நகரங்களின் அழகை வர்ணிப்பதற்கு எத்தனையோ பேர் இருக்கின்றனர். அங்கே போகும் சாமான்யருக்குள்ள உரிமைகள் எவை, அவர் விழக்கூடிய குழிகள் எவை, விழுந்தால் எழுவதற்கு வழி எது என்று சொல்வார்தாம் அருமை.

நெடும் பிரயாணம் இம்மாவட்டத்துத் தமிழருக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்து, இங்கிருந்து மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர்களின் சந்ததியார் இன்றும் இம்மண்ணில் வாழ்கின்றனர். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் எண்ணிறந்தோர். வந்து சேர்ந்தவர்களும் தம் பேரில் ஏறிய கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டைத் தாமே வாசித்தறியும் நிலையில் இருக்கவில்லை. கங்காணிக்கும் துரைக்கும் இடையே கைமாறிய அச்சீட்டே அவர்கள் எந்தத் தோட்டத்தில் உழைப்பது என்பதை நிர்ணயித்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. உல்லாசப் பிரயாணத்தை அக்கொடுமையோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும், பத்திரங்களெல்லாம் இன்னொருவர் பையில் இருக்க, பிரயாணி வெறும் நம்பிக்கையோடு பின்னால் நடக்கும் வழக்கம் முற்றாக நீங்கிவிட்டதென்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டுப் பிரயாணத்தில் ஒருவர் பெறக்கூடிய பரிகாரம் ஒவ்வொன்றும் ஏதோவொரு பத்திரத்தையும் ஏதோவொரு தவணையையும் பற்றியே நிற்கின்றது.

முதற் பத்திரம் பணம் கட்டியதற்கான பற்றுச்சீட்டு. பிரயாண முகவர் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று முதலில் விசாரித்துக்கொண்டு, விமானக் கட்டணம் எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு, வீசாக் கட்டணம் எவ்வளவு, தமது கூலி எவ்வளவு, வீசா மறுக்கப்பட்டால் இவற்றுள் எது திரும்பும் எது திரும்பாது என்பவற்றைத் தனித்தனியே எழுதிக் கையொப்பமிட்ட சீட்டை அவரிடமிருந்து பெற்றுக்கொண்ட பிறகே பணத்தை எண்ணி வைக்கவேண்டும். ‘வீசா நிச்சயம்’ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே விவேகம். ஏனெனில் அந்த நிச்சயத்தைத் தரும் அதிகாரம் தூதரகத்துக்கு வெளியே எவருக்கும் இல்லை. விண்ணப்பங்களைத் தூதரகத்தின் சார்பில் வாங்கி அனுப்பும் தனியார் நிலையங்களும் தபாற்காரரைப் போன்றவையே. கடிதத்தில் உள்ள செய்திக்கு அவை பொறுப்பல்ல.

இதனினும் கொடியது, சுற்றுலா வீசாவில் அனுப்பி அங்கே வேலை எடுத்துத் தருகிறேன் என்னும் பேச்சு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் எவராயினும் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும். சந்தேகமிருப்பின் 1989 என்னும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். பணம் வாங்கியவர் வாக்குத் தவறினால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் அது மூன்று மாதத்துக்குள் செய்யப்படவேண்டும் என்பதைப் பலர் அறியார். ‘அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் அண்ணே’ என்று முகவர் தவணை சொல்லிக்கொண்டே போவதன் சூட்சுமமும் சில வேளைகளில் இதுவாகவே இருக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதும் உரிமை அரசியலமைப்பு அளித்த உரிமை. சிறு தொகையாயின் மத்தியஸ்த சபையும், திட்டமிட்ட ஏமாற்றாயின் பொலிஸ் நிலையமும், வழக்காடப் பொருள் இல்லாதவர்க்கு 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவும் உண்டு.

இனி வீசா. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிடினும் 2008 டிசம்பர் முதல் ஷெங்கன் எல்லைக்குள் அடங்கிய நாடாதலால், அதன் குறுங்கால வீசாவைக் கொண்டே பாரிசுக்கும் மிலானுக்கும் போய்வரலாம். ஆனால் விண்ணப்பத்தை எந்தத் தூதரகத்தில் கொடுப்பது என்பதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை: அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகின்றோமோ அந்த நாட்டிடம், நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம். ‘அந்தத் தூதரகம் இலேசாகத் தருமாம்’ என்று கேள்விப்பட்டு, போகாத நாட்டுக்கு விடுதி பதிவு செய்து காட்டி வீசா வாங்குவது, எல்லையில் விசாரணைக்கு உட்பட்டால் வீசாவே ரத்தாவதற்குக் காரணமாகும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைவான அவகாசத்தில் விண்ணப்பிக்கக் கூடாது. கட்டணம் 2024 ஜூன் முதல் வயது வந்தோருக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு ஒன்றுமில்லை.

கைக்கு வந்த வீசாவை வாசிக்கத் தெரியாமல் அவதிப்பட்டவர் பலர். அதில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஒரு வரியும், இத்தனை நாள் என்று வேறொரு வரியும் இருக்கும். முன்னது வாசல் திறந்திருக்கும் காலம், பின்னதே உள்ளே தங்கக்கூடிய காலம். முப்பது நாள் வாசல் திறந்திருக்க, பதினைந்து நாளே தங்க அனுமதி இருப்பதுண்டு. எத்தனை முறை நுழையலாம் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு முறை மாத்திரமே அனுமதி பெற்றவர், இலண்டனிலுள்ள மைத்துனர் வீட்டுக்கு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று புறப்பட்டால், பிரிட்டன் ஷெங்கனுக்கு வெளியே உள்ளதாதலால் அங்கே போகத் தனி வீசா வேண்டியிருப்பதோடு, திரும்பி சூரிச்சுக்குள் நுழையும் உரிமையையும் இழந்துவிடுகிறார். விமான நிலையத்துக்குள் விமானம் மாறுவதற்கே ஷெங்கன் நாடுகள் வீசா கேட்கும் பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் உள்ளது என்பதையும், பிராங்க்பர்ட் வழியாக வேறு நாடுகளுக்குப் போவோர் நினைவில் கொள்ளவேண்டும். கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றின் செல்லுபடியான வீசா உள்ளவர்க்கு இதில் விலக்கு உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் வருவோர் போவோரின் முகத்தையும் கைரேகையையும் கணினியில் பதியும் முறை ஆரம்பமாகியுள்ளது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது இனி யாருடைய கண்ணுக்கும் தப்பாது.

மலையகக் குடும்பங்களுக்கு இவ்விடத்தில் ஒரு விசேஷக் கஷ்டம் இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் ஒரே மனிதரின் பெயர் எழுதப்பட்டிருப்பதும், தந்தை பெயர் முன்னே வந்து சொந்தப் பெயர் பின்னே போவதும் தோட்டப் பதிவேடுகளின் காலத்திலிருந்து நாம் அனுபவித்து வரும் தொல்லை. இதைத் திருத்துவதற்கு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு நடக்கவேண்டிய நடை நீளமானது. ஆதலால் விண்ணப்பிக்கும் மாதத்தில் அன்றி, பயண எண்ணம் உதித்த மாதத்திலேயே தொடங்கிவிடவேண்டும். இந்த நடைக்குச் சலித்து, முகவர் தயாரித்துத் தரும் போலி வங்கிக் கூற்றையோ சம்பளக் கடிதத்தையோ இணைப்பவர், தாமறியாத ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். விண்ணப்ப விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுவான தகவல் தொகுதியில் ஐந்தாண்டு வரை இருக்குமாதலால், பிரான்சுக்குச் செய்த பொய் பின்பு நோர்வே வாசலில் வந்து சாட்சி சொல்லும். கையொப்பம் விண்ணப்பதாரருடையதாக இருக்கும்போது, ‘முகவர் செய்தது’ என்னும் சமாதானம் எங்கும் எடுபடாது.

மறுப்பு வந்தால் அழுது ஓய்வதற்கு முன் அந்த மறுப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளவேண்டும். காரணத்தைக் குறித்த படிவத்தில் அதைத் தரவேண்டியது தூதரகத்தின் கடமை. மேன்முறையீடு செய்வது விண்ணப்பதாரரின் உரிமை. சுவிட்சர்லாந்தைப் பொறுத்தவரை, பேர்ணிலுள்ள குடிபெயர்வுக்கான அரச செயலகத்துக்கு முப்பது நாட்களுக்குள், கையொப்பமிட்ட எழுத்து மூலமான ஆட்சேபத்தை, 200 பிராங்க் முற்பணத்தோடு சமர்ப்பிக்கலாம். அதிலும் தோற்றால் சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் இருக்கின்றது. நாட்டுக்கு நாடு இவ்வழி வேறுபடும். ஜெர்மனி, தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய வழியை 2025 ஜூலையில் மூடிவிட்டது. குறை உண்மையில் நம் பத்திரங்களிலேதான் என்றால், ஆட்சேபத்தில் காலத்தைப் போக்காமல் அதைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பதே என் அபிப்பிராயத்தில் சிக்கனமான மார்க்கம்.

அழைக்கும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. பெற்றோரை அழைக்கும் மகனிடம் சுவிஸ் அதிகாரிகள் கேட்கும் பொறுப்புறுதிப் பத்திரம் 30,000 பிராங்க் வரையிலான கடன்பாடு; விருந்தாளியின் வைத்தியச் செலவு காப்புறுதியை மீறினால் அந்தச் சுமை அந்த மகனின் தோளில் விழும். ஊரிலிருந்து ‘என்ன தம்பி, ஒரு கையெழுத்துத்தானே’ என்று கேட்பது நியாயமன்று.

காப்புறுதி, வீசாவுக்காக மாத்திரம் வாங்கப்படும் சடங்காகிவிட்டது வருந்தத்தக்கது. குறைந்தது 30,000 யூரோ வரை அவசர சிகிச்சையையும், உயிரிழப்பு நேர்ந்தால் உடலைத் தாயகம் கொண்டுவருவதையும் அது உள்ளடக்கவேண்டும் என்பது விதி. ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நம் பெரியவர்கள் பார்க்கவேண்டியது அந்தத் தொகையையன்று. முன்பே இருந்த நோய்க்கு இழப்பீடு இல்லை என்று விலக்கும் வரி அதில் இருக்கின்றதா என்பதையே. பனிச்சறுக்கையும் விலக்கியிருப்பார்கள். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உள்ளது; நம் பிதுருதாலகாலையின் சிகரமே 2,524 மீற்றர்தான். இருதய நோயாளர் அங்கே ஏறுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுவது மலை ஏறாமலே நேரக்கூடிய விபத்து. அம்புலன்சுக்கு அங்கே 144, பொலிசுக்கு 117. கடவுச்சீட்டு தொலைந்தால் பொலிஸ் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு ஜெனீவாவிலுள்ள இலங்கையின் துணைத்தூதரகத்தை அணுகவேண்டும்.

பனிப்புயலால் விமானம் ரத்தாவது மார்கழியில் அதிசயமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதி சுவிட்சர்லாந்திலும் செல்லும். முன்னறிவித்தலின்றி ரத்தான விமானத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ நஷ்டஈடு உண்டு. பனிப்புயல் நிறுவனத்தின் கைக்கு மீறிய அசாதாரண நிலையாதலால் இத்தொகையை மறுக்க அதற்கு இடமுண்டு; ஆயின் உணவு, இரவு தங்க விடுதி, வேறு விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவற்றைப் புயலைக் காட்டி மறுக்க முடியாது. இந்த வேறுபாட்டை அறியாததால் எத்தனையோ பேர் நாற்காலியில் படுத்துறங்கிவிட்டு வருகின்றனர். நிறுவனம் விடுதி ஏற்பாடு செய்யாவிடின், நியாயமான செலவில் தாமே தங்கிப் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்துவைத்துக் கேட்கலாம். கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் போகும் வழிக்கு இவ்விதி பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழிக்கே பொருந்தும். சுவிஸ் ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் கேட்கலாம். ஆனால் அங்கே ரயில் அத்தனை தாமதிப்பது அபூர்வம்.

கடைசியாகப் பயணப் பெட்டி. மாத்தளையிலிருந்து போகும் பெட்டியில் மிளகும் ஏலமும் கறுவாவும் இருப்பது சகஜம். அவற்றோடு தோட்டத்துக் கறிவேப்பிலையையும் மாம்பழத்தையும் சேர்த்து வைப்பதுதான் தவறு. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக்கூடிய பழங்கள் அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை ஆகிய ஐந்தே. இறைச்சியும் பாற்பொருளும் அடியோடு தடை, மாசிக்கும் கருவாட்டுக்கும் இருபது கிலோ வரை அனுமதி. பெட்டி சேதமுற்று வந்தால் ஏழு நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்தால் அது கிடைத்து இருபத்தொரு நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று மொன்ட்ரியல் உடன்படிக்கை விதிக்கின்றது. வழக்குத் தொடர இரண்டாண்டு. முகப்பில் இருப்பவர் தரும் சேத அறிக்கையின் பிரதியை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தவருக்கு, பெட்டி எங்கே உடைந்தது என்பதை நிரூபிப்பது பெரும்பாடாகிவிடும்.