சம்பளம் எவ்வளவுன்னு கேட்டால் மட்டும் போதுமா?

நான் திருத்தங்கல்லில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் கணவர் ஒரு பட்டாசு ஆலையின் இரண்டாவது யூனிட்டில் சூப்பர்வைசர். இதுவரை இந்தப் பகுதியை வாசித்ததோடு சரி, எழுதியதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் நாலு குடும்பத்துக்காவது பயன்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

என் தம்பி விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடையின் கிளையில் சூப்பர்வைசராக இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அக்கா, எங்க மதுரைக் கிளையில என்னைய மாதிரியே இருக்கிறவனுக்கு என்னைவிட நாலாயிரம் கூட" என்று சலித்துக் கொண்டான். "ஒரே முதலாளி, ஒரே வேலை, அது எப்படிடா?" என்று கேட்டேன். அங்கே வியாபாரம் அதிகம், அவனுக்குக் கீழே வேலை பார்க்கிற ஆட்கள் அதிகம், வீட்டு வாடகையும் அதிகம் என்று அடுக்கினான். எத்தனை வருஷ சர்வீஸ், கல்லாப் பொறுப்பு உண்டா, சரக்கு இருப்புக்கு யார் கையெழுத்துப் போடுவது... இதையெல்லாம் பார்த்துத்தான் சம்பளம் போடுவார்களாம்.

அன்று ராத்திரியே ஆரம்பித்து விட்டேன். "துணி மடிக்கிற இடத்துல இருக்கிறவனுக்கே அவ்வளவு. நீங்க நெருப்போட மல்லுக்கட்டுறீங்க, வெறும் பதினாறாயிரம்தானா?" மகள் பிளஸ் ஒன் போக வேண்டும். வீட்டுக் கடன் தவணை வேறு. நான் பேசப் பேச அவர் பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

எங்கள் பக்கத்துச் சம்பளக் கணக்கை வெளியூர்த் தோழியருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. திரி செருகுவது, மருந்து அடைப்பது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட்தான். எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவு கூலி. சனிக்கிழமை பட்டுவாடா. சூப்பர்வைசர், போர்மேன் ஆகியோருக்கு மாதச் சம்பளம்.

அந்த மாதச் சம்பளமும் ஆலைக்கு ஆலை மாறும். முதலில் லைசென்ஸ். ஒரு சமயத்தில் 15 கிலோ வரை வெடிமருந்து வைத்துக்கொள்ளும் சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தரும். 500 கிலோ வரை என்றால் சென்னையில் உள்ள வெடிபொருள் துறை அலுவலகம். அதற்கு மேல் என்றால் நாக்பூர் தலைமை அலுவலகம். "நாக்பூர் லைசென்ஸ் கம்பெனி" என்றால் எங்கள் ஊரில் தனி மரியாதை. ஷெட்டுகள் அதிகம், ஆட்கள் அதிகம், சூப்பர்வைசருக்குச் சம்பளமும் கூடுதல். அடுத்தது ரகம். சாதா வெடி பார்த்தவரைவிட, வானத்தில் போய்ப் பூப்பூக்கும் பேன்ஸி ரகம் தெரிந்தவருக்குக் கிராக்கி. மூன்றாவது, போர்மேனுக்கு உண்டான பயிற்சியும் சான்றிதழும். அது கையில் இருந்தால் பேரம் பேசலாம். நான்காவது சீசன். ஆடி பிறந்தால் தீபாவளி வரை ஆலை பறக்கும். மழை பிடித்தால் காயப்போட வழியில்லாமல் படுத்து விடும்.

2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசுதான் தயாரிக்க வேண்டும், சரவெடி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது தோழியருக்கு நினைவிருக்கும். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மாதக்கணக்கில் மூடி விட்டார்கள். பீஸ் ரேட் வீடுகளில் அடுப்பே அணைந்தது. எங்களுக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது. "மாதச் சம்பளம்" என்ற வார்த்தையின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் நச்சரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேறொரு ஆலையிலிருந்து இவருக்கு அழைப்பு வந்தது. போர்மேன் வேலை. சம்பளம் 24,000 ரூபாய்! எட்டாயிரம் கூடுதல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். இனிப்பு செய்து பக்கத்து வீட்டு மதினிக்கும் எடுத்துப் போனேன்.

மதினி கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்து விட்டார். "சீட்டுல எவ்வளவு, கையில எவ்வளவுன்னு கேட்டியா தாயி?" என்றார்.

மதினியின் கணவரும் போர்மேனாக இருந்தவர்தான். சில வருஷங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த இடத்தில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. இரண்டு உயிர் போனது. இவர் அந்த நேரம் வேறு ஷெட்டில் இருந்ததால் தப்பினார். ஆனால் வழக்கு என்று வந்தபோது முதலாளி, மேனேஜர், போர்மேன் என்று எழுதினார்கள். ஜெயிலுக்குப் போய், ஜாமீனில் வந்து, இன்னும் வாய்தாவுக்கு அலைகிறார். மறுநாளே சம்பளம் நின்றது. சம்பளத்தில் பாதிக்கு மேல் கையில் கொடுத்த காசு என்பதால், கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மதினியின் தாலிச் செயின் வக்கீல் செலவுக்குப் போனது.

"மாசம் ரெண்டாயிரம் கூடக் கிடைக்குதுன்னு நாந்தான் அவரைப் போகச் சொன்னேன். செத்த பிள்ளைகளோட அம்மா முகத்தை இன்னைக்கும் என்னால நிமிர்ந்து பார்க்க முடியல" என்று மதினி அழுதார். என் கிண்ணத்து இனிப்பு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அப்போதுதான் முழு விவரமும் வெளியே வந்தது. சம்பளச் சீட்டில் 14,000 மட்டும்தான். மீதி 10,000 கையில் கொடுப்பார்கள். அதுவும் சும்மா இல்லை. வாரத்துக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. அந்தக் கணக்கு நிறைந்தால்தான் முழுப் பணம். மேலே போனால் பெட்டிக்கு இவ்வளவு என்று இன்னும் கூடும்.

"பெட்டி குறைஞ்சா?" என்றேன்.

"காசும் குறையும்."

"பெட்டி கூடணும்னா என்ன பண்ணணும்?"

பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரு ஷெட்டுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது. மருந்து கலக்கிற இடத்துல ரெண்டு பேர்தான். பெட்டி கூடணும்னா அஞ்சாவது ஆளை உள்ள விடணும். மரத்தடியில உட்கார வச்சு வேலை வாங்கணும். சாயங்காலம் மிஞ்சின மருந்தை அழிக்காம நாளைக்கு ஆகட்டும்னு வைக்கணும்..."

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது தோழியரே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பறிகொடுத்தோம். உதவப் போனவர்களும் அதில் போய்விட்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இந்த மாவட்டத்தில் அந்த ஓலம் கேட்காத தெரு கிடையாது. ஐந்தாவது ஆளை வெளியே நிறுத்த வேண்டியவர் போர்மேன். அவருடைய சம்பளமே அந்த ஐந்தாவது ஆள் உள்ளே இருந்தால்தான் கூடும் என்றால், அது சம்பளமா? அவர் கண்ணைக் கட்டுகிற துணி இல்லையா?

அப்புறம் நானும் மகளும் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். பத்தாம் வகுப்புக் கணக்கே போதுமானதாக இருந்தது!

21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் விபத்து நடந்து உயிர் போனால், அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதத்தை மாதாமாதம் குடும்பத்துக்குத் தருவார்கள். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் கணக்கு கணக்குத்தானே? சீட்டில் 14,000 என்றால் 12,600 வரும். சீட்டில் 20,000 என்றால் 18,000 வரும். கையில் வாங்கிய பத்தாயிரம் எந்தக் கணக்கிலும் வராது.

பணிக்கொடை எனும் கிராஜுவிட்டியும் அப்படித்தான். ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். அதை 26 நாள் கணக்கில் வகுப்பார்கள். பத்து வருஷம் உழைத்தால், 14,000 சம்பளத்துக்குச் சுமார் 80,800 ரூபாய்; 20,000 சம்பளத்துக்குச் சுமார் 1,15,400 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்து கொண்டோம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர், தொழில் தகராறு விஷயத்தில் "தொழிலாளி" என்ற கணக்கில் வரமாட்டார். அதாவது, பதவி உயர உயர, தகராறு என்று வந்தால் நியாயம் கேட்கும் வழி குறைகிறது. அதே புதிய சட்டம், வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் கடிதம் வாங்காமல் போர்மேன் நாற்காலியில் உட்காரலாமா?

"நீங்க போங்க, போக வேண்டாம்னு சொல்லல. ஆனா அண்ணாச்சிகிட்ட மூணு விஷயம் கேட்டுட்டுப் போங்க" என்றேன். ஒன்று, பெட்டிக் கணக்குக் காசு வேண்டாம். ஒரே தொகையாகச் சீட்டில் போட வேண்டும். இரண்டு, நியமனக் கடிதம். அதில் எந்தெந்த ஷெட்டுக்கு இவர் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். மூன்று, கூடுதல் ஆளை வெளியே அனுப்பவும் வேலையை நிறுத்தவும் இவருக்கு அதிகாரம் வேண்டும். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

"கேட்டா வேலையே தரமாட்டாங்க" என்றார். "தரலேன்னா பதினாறாயிரத்துலயே இருப்போம். நான் இனிமே தம்பியைச் சொல்லிக் காட்ட மாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. இவரை அங்கே தள்ளப் பார்த்தது முதலாளி மட்டுமா? நானும்தானே?

போய்க் கேட்டார். ஒரு வாரம் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள். 24,000 கிடையாது, 20,000 தான். ஆனால் முழுக்கச் சீட்டில். கடிதமும் கொடுத்தார்கள். மூன்றாவது விஷயத்தை எழுத்தில் தர மறுத்து விட்டார்கள். "வாயால சொல்றோம்ல, போதும்" என்றார்களாம். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, மகளின் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பி.எஃப். கட்டுகிறார்களா என்று மகள் மாதாமாதம் செல்போனில் பார்த்துச் சொல்கிறாள்.

பணம் தாராளமாகி விட்டதா என்றால் இல்லை. பிடித்தம் போகக் கையில் வருவது பதினெட்டாயிரம் சொச்சம்தான். சீசன் நேரத்தில் பெட்டிக் கணக்கு வாங்குகிற இன்னொரு போர்மேன் இவரைப் பார்த்து, "பிழைக்கத் தெரியாத ஆளு" என்று சிரிக்கிறாராம். அந்த வீட்டம்மா புது வளையல் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வரும்போது, பொய் சொல்வானேன், என் கண்ணும் ஒரு நிமிஷம் அதில்தான் நிற்கிறது.

ஆனால் போன மாதம் ஒரு நாள், இவர் ஷெட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியே அனுப்பியிருக்கிறார். அவள் ஐந்தாவது ஆள். தங்கச்சிக்கு ஒத்தாசை செய்ய உள்ளே வந்தவளாம். அன்று எந்த விபத்தும் நடக்கவில்லை. யாரும் இவரைப் பாராட்டவும் இல்லை. அந்தப் பெண் திட்டிக்கொண்டே போனாளாம். இதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு இவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். எனக்கு அது போதும்.

தோழியரே! கணவரோ, அண்ணன் தம்பியோ, ஏன், வேலைக்குப் போகும் உங்கள் மகளோ, சூப்பர்வைசர் ஆகிவிட்டார் என்றால் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது கடைக் கிளையோ, ஆலை யூனிட்டோ, எதுவாகவும் இருக்கட்டும். சீட்டில் எவ்வளவு? எதைச் செய்தால் கூடும், எதைச் செய்யாவிட்டால் குறையும்? தப்பு நடந்தால் யார் பெயரை எழுதுவார்கள்? இதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து விட்டேன். முதல் கிண்ணம் மதினிக்குத்தான் போனது. இந்த முறை வாங்கிச் சாப்பிட்டார்.

- ஒரு வாசகி, திருத்தங்கல்.