குட்டியானைக்கு என்ன டயர் போடுவது?

மாதம் இரண்டு தடவை எங்க வண்டி முகத்துவாரக்குப்பம் போகும். கொசஸ்தலையாறு கடலில் சேர்கிற இடம். பொன்னேரிப் பக்கத்துக் கீரை, கத்தரிக்காய், கொஞ்சம் அரிசியை எண்ணூர், திருவொற்றியூர் தெருக்களில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது மீன் அமிலத்துக்காகக் குப்பத்தில் மீன் கழிவை நாலு பீப்பாயில் ஏற்றிக்கொண்டு வருவோம். ஐந்து குடும்பம் பணம் போட்டு வாங்கின குட்டியானை. விதை, உரம், சந்தை எல்லாம் அதை நம்பித்தான்.

போன ஐப்பசியில் ஒரு காலை, எர்ணாவூர் தாண்டி லேசான மழை. முன்னால் கண்டெய்னர் லாரி நின்றுவிட்டது. பிரேக் அடித்தேன், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், லாரியின் பின்கம்பிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இரண்டு மாதம் முன்புதான் பழைய டயர் இரண்டு வாங்கிப் போட்டிருந்தோம். பட்டன் நல்லா ஆழமாகத்தான் இருந்தது. பஞ்சர் போடுகிறவர் பக்கச் சுவரைத் துடைத்துக் காட்டினார்: 3516. அதாவது 2016ஆம் வருஷம் 35ஆவது வாரம் செய்த டயர். எங்கேயோ வெயிலில் கிடந்து ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி. சுவரில் மயிரிழை வெடிப்புகள் வேறு. பட்டனைப் பார்த்த நாங்கள் தேதியைப் பார்க்கவில்லை.

அதனால் வாங்கும்போது முதலில் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

கடைக்காரர்கள் இப்போது ‘ஆல் சீசன்’ என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். அது பனி கொட்டும் நாட்டுப் பேச்சு. அங்கே கோடைக்கு ஒரு டயர், குளிருக்கு ஒரு டயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். இரண்டுக்கும் நடுவில் வருஷம் முழுக்க ஓடட்டும் என்று செய்ததுதான் அது. எண்ணூரில் 7 டிகிரி எங்கே வரப்போகிறது? நமக்கு இரண்டே காலம்: தார் ரோட்டில் கால் வைக்க முடியாத சித்திரை வெயில், ஐப்பசி கார்த்திகை மழை. அந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சூட்டையும் தண்ணீரையும் தாங்குமா என்று மட்டும் கேளுங்கள்.

தண்ணீருக்குப் பட்டன்தான் பதில். நீளவாக்கில் கோடு ஓடுகிற ரிப் டயர் ரோட்டில் நேராக ஓடும், ஸ்டீயரிங் லேசாக இருக்கும். தனித்தனிக் கட்டைகளாக இருக்கிற லக் டயர் வயலிலும் மணலிலும் இழுக்கும். ஆனால் தார் ரோட்டில் இரைச்சல், தேய்மானமும் அதிகம். எங்களை மாதிரி முக்கால்வாசி ரோடு, கால்வாசி மண்ணுக்கு, முன்னால் ரிப், பின்னால் செமி-லக் சரியாக இருக்கிறது. பள்ளத்தின் அடியில் சின்ன மேடுகள் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் தேய்ந்து அதோடு சமமானால் டயர் முடிந்தது. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மில்லி இருக்கும்போதே மாற்றிவிடுவது என் பழக்கம்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் எங்கே போடுவது? எங்க பஞ்சர் கடைக்காரர் முன்னால் என்பார். டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வீசினால் வண்டி சுற்றிவிடும். காலி வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும், மழையில் வாலாட்டும். நான் கம்பெனி பக்கம்தான்.

அடுத்தது லோடு. சுவரில் அளவுக்குப் பின்னால் 86, 100, 106 என்று ஒரு எண் இருக்கும். 86 என்றால் அந்த ஒரு டயர் 530 கிலோ தாங்கும், 100 என்றால் 800, 106 என்றால் 950. சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. நமக்கு முதல் எண். நாலால் பெருக்கிச் சந்தோஷப்படாதீர்கள். பாரம் ஏற்றினால் பின்டயர்தான் பெரும்பங்கு சுமக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்ற எந்த டயரும் அனுமதி தராது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று நிரம்பினாலே 200 கிலோ; நாலு என்றால் 800. முக்கால் டன் வண்டிக்கு அதுவே அதிகம். நாங்கள் இப்போது மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

காற்று குறைந்த டயர் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. முகத்துவார மணலில் புதைந்தால் சிலர் காற்றை இறக்கி ஏறுவார்கள். அது நடக்கும், ஆனால் தார் ரோடு தொட்டதும் மறுபடி அடிக்காமல் லோடோடு ஓட்டினால் டயர் போச்சு. எங்க வண்டியில் ஒரு கைப்பம்பும் இரண்டு பலகையும் எப்போதும் கிடக்கும். உப்புக்காற்றில் டிஸ்க் துருப்பிடித்து விளிம்பில் காற்று கசியும். டீசல், ஆயில் பட்டால் ரப்பர் உப்பும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஆற்றில் எண்ணெய் படர்ந்தபோது வலை, படகு எல்லாம் கறுத்ததைப் பார்த்தோமே. வீடு வந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

நாங்கள் போய்வரும் இதே திருவொற்றியூரில்தான் 1946ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்து எம்.ஆர்.எஃப். வளர்ந்தது. அதற்காக அதைத்தான் வாங்கு என்று சொல்லவில்லை. அளவும் எண்ணும் தேதியும் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனியும் சரி.

டயர் தேய்கிற தூள் எங்கே போகிறது என்பதையும் நாம் கேட்கணும். டயர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற மருந்து காற்றில் மாறி, மழைத்தண்ணீரோடு ஓடைக்குப் போய் அமெரிக்காவில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020ல் கண்டுபிடித்தார்கள். அதிக லோடும் குறைந்த காற்றும் தேய்மானத்தைக் கூட்டும். நம் வழியில் அந்தத் தூள் இறங்குவது இந்த முகத்துவாரத்தில். கழற்றின டயரைப் போகியில் கொளுத்தாதீர்கள். அதில் கீரை வளர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். துத்தநாகமும் இன்னும் என்னென்னவோ கலந்த ரப்பரில் சாப்பிடுகிற கீரை எனக்கு வேண்டாம். புது டயர் வாங்கும்போதே பழையதைக் கடையில் கொடுத்து, கிடைக்கிற நூறு இருநூறைக் கழித்துக்கொள்ளுங்கள்.