பழைய பக்கங்களிற் புதிய நிரல்

கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தமக்கென வலைத்தளம் வைத்திருத்தல் இன்று வழக்கமாயிற்று. அவற்றுட் பல, ஆர்வமுள்ள ஒருவரால் முன்னொருகால் தனித்தனிப் பக்கங்களாக எழுதப்பட்டவை. பக்கங்கள் நாற்பதாயின், நாற்பதிலும் கல்லூரிப் பெயரும் இலச்சினையும் அதிபர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அதிபர் மாறினால் நாற்பது கோப்புகளையும் திறந்து திருத்தல் வேண்டும். முப்பத்தெட்டைத் திருத்தி இரண்டை மறந்துவிடுவோரே பலர். ஆதலின் ஓய்வுபெற்ற அதிபர் ஏதோவொரு மூலைப் பக்கத்தில் இன்னும் பதவி வகித்துக்கொண்டிருப்பார். இதனாற் சலிப்புற்ற சங்கத்தார் யாவற்றையும் அழித்துப் புதுத்தளம் அமைக்கத் துணிவர். அங்ஙனம் அழிவனவற்றுட் பரிசளிப்பு விழா அறிக்கைகளும் மறைந்த ஆசிரியர்களைப் பற்றிய நினைவுரைகளும் அடங்கும். வேறெங்கும் படியில்லாத எழுத்துகள் அவை. அவற்றை அழியாது காத்து, பழைய பக்கத்தினுள்ளே நிரற்கோப்புகளைச் சேர்க்கும் முறையை ஈண்டு விளக்கப் புகுந்தோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு, காக்கப்படுவன தமிழ் எழுத்துகள் என்பதே எமது விடையாம்.

குருக்கள்மடத்துத் துறையில் நின்று அம்பிளாந்துறையை நோக்குவார்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். வாவியைக் கடக்கும் மிதவையை எம் பகுதியார் 'பாதை' என்றே வழங்குவர். அதிலேறி இக்கரைக்கு வரும் மூட்டை அக்கரையில் எவ்வாறு கட்டப்பட்டதென்பதை இங்கு நிற்பவர் காணார், வந்திறங்கியதையே காண்பர். எமது உலாவி இக்கரை. பக்கங்களை அனுப்பும் வழங்கி அக்கரை. நிரல் அக்கரையிலேயே இயங்கி முடிந்துவிடும். உலாவிக்கு வந்து சேர்வது முழுமையாகக் கட்டிய பக்கமே.

இவ்வகை நிரல் மொழிகளுட் பெரிதும் பயில்வது பீ.எச்.பீ. கிறீன்லாந்திற் பிறந்த றஸ்மஸ் லேடோவ் என்பார், தம் சொந்தப் பக்கத்தைப் பார்ப்போரைக் கணக்கிடுதற்கு ஆக்கிய கருவிகளை 1995 யூன் மாதத்தில் வெளியிட்டார். அதுவே இதன் வித்து. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களை இணையத்திற் பேணும், 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டமும் இயங்குவது மீடியாவிக்கி என்னும் மென்பொருளில். அஃதும் இம்மொழியில் எழுதப்பட்டதே. விக்கிப்பீடியாவில் 'வார்ப்புரு' எனப்படுவது, ஓரிடத்தில் எழுதியதைப் பல பக்கங்களிற் சேர்க்கும் இதே கருத்தின் மற்றொரு வடிவமாம்.

செய்முறை வருமாறு. நாற்பது பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பகுதியை வெட்டித் தனிக்கோப்பாகச் சேமிக்க. வெட்டிய இடத்தில் அக்கோப்பைச் சேர்க்குமாறு பணிக்கும் ஒற்றை வரியை எழுதுக. அடிப்பகுதிக்கும் அவ்வாறே. இனி அதிபர் பெயரை ஓரிடத்தில் மாற்றினாற் போதும். பணிக்கும் சொற்கள் இரண்டு: 'இன்குளூட்' என எழுதின், கோப்புக் கிடைக்காதவிடத்து எச்சரித்துவிட்டு மேலே செல்லும், 'றிக்குவயர்' என எழுதின் அவ்விடத்தே நின்றுவிடும். அணிக்கு முன்னையதும், இன்றியமையாததற்குப் பின்னையதும் பொருந்தும்.

இடர் யாதெனின், எச்.ரி.எம்.எல். என முடியும் கோப்புகளை வழங்கி பொதுவாக நிரலென்று கருதுவதில்லை. வாசியாது அப்படியே அனுப்பிவிடும். பெயரின் ஈற்றை மாற்றினால் நிரல் இயங்கும். ஆயின் பழைய முகவரியைக் குறித்து வைத்த அன்பர் வெறும் பிழைச் செய்தியையே காண்பர். அப்பாச்சி வழங்கியாயின், அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, பழைய ஈறுடைய கோப்புகளையும் நிரலாக வாசிக்கச் செய்யலாம். அவ்வரியின் சொற்கள் இடத்துக்கிடம் வேறுபடுமாதலின், தளத்துக்கு இடமளித்தோரைக் கேட்டறிதல் நன்று. அவ்வமைப்பு என்றேனும் தவறினால் நிரல் முழுவதும் பார்ப்போர் கண்ணிற் படும். எனவே கடவுச்சொல் உள்ள கோப்பைப் பொதுவெளிக் கோப்புறைக்குப் புறத்தே வைத்தல் வேண்டும். முகவரியில் வருவோர் எழுதும் சொல்லையே சேர்க்கவேண்டிய கோப்பின் பெயராகக் கொள்ளுமாறு ஒருபோதும் எழுதற்க. அது வீட்டுத் திறப்பை வழிப்போக்கன் கையிற் கொடுத்தலை ஒக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தொல்லைகளும் உள. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பக்கத்தில் உண்மையில் இருப்பன ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் புனைகின்றது. அத்தகைய துண்டொன்றை யுனிக்கோட்டுப் பக்கத்திற் சேர்த்தால் வேடம் கலைந்து பொருளற்ற எழுத்துக் குவியலே எஞ்சும். ஆதலாற் பழைய உரையை முதலில் யுனிக்கோட்டுக்கு மாற்றுதல் வேண்டும். யுனிக்கோட்டிற் சேமிக்கும்போதும் சில தொகுப்பான்கள் கோப்பின் தலையிற் கட்புலனாகா மூன்று பைற்று அடையாளமொன்றை இடும். அதனாற் பக்கத்தின் மேலே காரணமின்றி வெற்றிடம் தோன்றலாம். புகுபதிகை இயங்காமலும் போகலாம். அவ்வடையாளம் இன்றிச் சேமிக்கும் தெரிவு தொகுப்பானில் இருக்கும்.

இலக்கண ஆசிரியர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று. 'அம்மா' என்பதில் எழுத்து மூன்றென்பதைச் சிறுபிள்ளையும் அறியும். பீ.எச்.பீ. மொழியின் பழைய அளவைக் கட்டளை பைற்றுகளை எண்ணிப் பதினைந்தென்னும். மற்றொன்று குறியீடுகளை எண்ணி ஐந்தென்னும். மூன்றென்று சரியாகக் கூறும் கட்டளையும் உண்டு. அதற்குரிய நீட்சியை வழங்கியில் நிறுவியிருத்தல் வேண்டும்.

தொடங்குவோர் முதலில் முழுத்தளத்தையும் படியெடுத்து வேறிடத்தில் வைக்க. பின்னர் அதிகம் பேர் பாராத ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, கணினியிலும் கைத்தொலைபேசியிலும் திறந்து பார்த்து, பழைய முகவரியிலேயே அது கிடைக்கின்றதென உறுதிசெய்தபின் ஏனைய முப்பத்தொன்பதிலும் கைவைக்கலாம்.