கடைக் கப்பல் போர்க் கப்பல் ஆகிறது!

ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு கப்பல் படம். கடலில் போகும் கப்பல் அல்ல; விண்வெளியில் போகும் கப்பல்!

பெட்டியைத் திறந்தால் உள்ளே கப்பல் இருக்காது. கொத்துப் புளியங்காய் போல, ஒரு சட்டத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் தொங்கும். அவற்றை வெட்டி எடுத்து ஒட்டினால் கப்பல் தயார். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

சிலருக்கு அது போதாது. கப்பலை ரம்பத்தால் அறுக்கிறார்கள். முன்பக்கத்தைப் பின்பக்கம் ஒட்டுகிறார்கள். வேறு துண்டுகளைச் சேர்க்கிறார்கள். பிறகு மேசை மீது நிறுத்திப் போர் நடத்துகிறார்கள்!

"காசு கொடுத்து வாங்கியதை அறுப்பதா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பழைய கதை பதில் சொல்லும்.

1701, 1017 ஆனது!

அமெரிக்காவில் "ஸ்டார் டிரெக்" என்ற டெலிவிஷன் தொடர் நடந்தது. அதில் வரும் கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ். படம் பிடிப்பதற்காக 11 அடி நீளத்தில் ஒரு மாதிரிக் கப்பல் செய்து வைத்திருந்தார்கள்.

1967-ம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு கதைக்கு இன்னொரு கப்பல் தேவைப்பட்டது. அதே வகைக் கப்பல்தான். ஆனால் போரில் அடிபட்டுச் சிதைந்தது. 11 அடிக் கப்பலைச் சிதைக்க முடியுமா?

என்ன செய்தார்கள் தெரியுமா? சிறுவர்கள் வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் கப்பலை எடுத்தார்கள். அதன் நீளம் ஏறக்குறைய ஒன்றரை அடிதான். சூடு வைத்து அதை உருக்கிச் சிதைத்தார்கள். எண்டர்பிரைஸ் கப்பலின் எண் 1701. அதே இலக்கங்களை இடம் மாற்றி 1017 என்று ஒட்டினார்கள். "கான்ஸ்டலேஷன்" என்ற புதுக் கப்பல் பிறந்து விட்டது!

1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" படத்திலும் இந்த வித்தைதான். பொம்மை டாங்கி, பொம்மைக் கார் ஆகியவற்றின் துண்டுகளை எடுத்து விண்கப்பல்களின் மேல் ஒட்டினார்கள்.

ஒரு பொருளைக் கெடுப்பது வேறு. வேறொன்றாக ஆக்குவது வேறு. அறுப்பதற்கு முன்பே, அது என்ன ஆக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நெய்வேலியைப் பாருங்கள்!

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் உள்ளது குள்ளஞ்சாவடி. அங்கிருந்து மேற்கே போனால் நெய்வேலி. 1957-ல் பிரதமர் நேரு அங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது.

அந்தச் சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல, வாளிகள் மண்ணை அள்ளிக் கொட்டும். இயந்திரத்தின் மேல் ஏணிகளும் நடைபாதைகளும் இருக்கும்.

விண்கப்பல் செய்யும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? கப்பலின் முகத்தில் ஒரு வாளிச் சக்கரம் வைத்தால், அது வேறு கிரகத்தில் மண் வெட்டும் கப்பல் ஆகிவிடும்!

இன்னொரு ரகசியமும் உண்டு. ஏணியும் ஜன்னலும் எவ்வளவு சிறிதாக இருக்கின்றனவோ, கப்பல் அவ்வளவு பெரிதாகத் தெரியும். ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு விமானத்தின் கண்ணாடிக் கூண்டை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஊசிமுனை அளவு ஜன்னல்களை வரிசையாக வரையுங்கள். ஆயிரம் பேர் போகும் கப்பலாகிவிடும்!

செய்வது எப்படி?

முதலில் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். அச்சில் வார்க்கும்போது ஒட்டிய எண்ணெய் போனால்தான் சாயம் பிடிக்கும்.

அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக்குக்கு என்றே ஒரு பசை உண்டு. அது இரு துண்டுகளின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பேனா மூடி போன்ற வேறு பிளாஸ்டிக்கில் அந்தப் பசை பிடிக்காது.

பசையின் ஆவி கெடுதல், தீயும் பற்றும். ஆகவே அடுப்புக்கு அருகில் கூடாது. காற்றோட்டமான திண்ணைதான் சரி. ரம்பமும் கத்தியும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

ஒட்டிய பிறகு முழுவதும் ஒரே சாம்பல் நிறம் அடியுங்கள். பத்து இடத்திலிருந்து வந்த பத்துத் துண்டுகளும் ஒரே உடம்பாகத் தெரியும்!

அலமாரிக் கப்பலுக்கும் போர்க் கப்பலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. போர்க் கப்பலை நூறு தடவை கையில் எடுப்பார்கள். மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஒடிந்துவிடும். அவற்றைக் குட்டையாக வெட்டிவிட வேண்டும்.

கப்பல் பறப்பது போல் நிற்கவும் வேண்டும். அதை ஒரு விரல் மேல் வையுங்கள். எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அங்கே துளையிடுங்கள். அதில் சைக்கிள் கம்பித் துண்டைச் செருகி, பழைய சி.டி. தகட்டில் நிறுத்துங்கள். தகட்டின் அடியில் இரண்டு இரும்பு வாஷர் ஒட்டினால் கவிழாது.

ஆடும் புலியும்!

இனி விளையாட்டு. ஒரு பெரிய கப்பல். எதிரே மூன்று சிறிய கப்பல்கள். பெரியது ஒரு தடவைக்கு ஒரு குச்சி தூரம் நகரும். சிறியது இரண்டு குச்சி தூரம். பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் அடி! பெரியதற்கு ஒன்பது உயிர், சிறியதற்கு மூன்று. தகட்டின் மேல் அத்தனை புளியங்கொட்டை வைத்து, அடி விழும்போது ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

பலம் சமமாக இல்லாமல் போர் எப்படி? நம் ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆனாலும் ஆட்டம் சமம்! புலிக்கு வெட்டும் பலம். ஆட்டுக்கு வழி மறிக்கும் பலம். விண்கப்பல் போரிலும் அதே கணக்குதான். ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருந்தால், உயிரைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யலாம்.

வெல்ஸ் சொன்னது

இங்கிலாந்தின் பிரபல எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். அவர் வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடினார். 1913-ல் அதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். நிஜப் போரைவிட இந்தச் சின்னப் போரே மேல் என்பது அவர் கட்சி.

அடுத்த வருஷம், 1914-ல், முதல் உலக மகா யுத்தம் மூண்டது. லட்சக்கணக்கான வாலிபர்கள் மாண்டார்கள்.

திண்ணையில் தோற்ற கப்பலைத் துடைத்து, புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மீண்டும் புறப்படும். நிஜப் போருக்குப் போனவர்களில் பலர் வீடு திரும்பவே இல்லை!