நெடுந்தொலை ஓட்டமும் நீண்ட பொறுமையும்

விரைவோட்டத்தில் வெற்றிக்கொடி நாட்டும் பல்கலைக்கழகம் நெடுந்தொலை ஓட்டத்தில் தளர்வது ஏன்? அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சான்றாகக் கொள்வோம். அதன் மகளிர் அணி 1987 முதல் 1997 வரை தொடர்ந்து பதினோராண்டுகள் கல்லூரிகளுக்கான தேசியத் திறந்தவெளித் தடகளப் பட்டத்தை வென்றது. ஆயினும் 'கிராஸ் கன்ட்ரி' என்னும் மேடுபள்ள நெடுவோட்டத்தில் அப்பல்கலைக்கழகம் ஒருமுறையேனும் தேசியப் பட்டம் பெற்றதில்லை.

முதற்காரணம் இயற்கை. அது அமைந்துள்ள பேட்டன் ரூஜ் நகரம் தாழ்நிலம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தது. வியர்வை உலராமையால் உடல் விரைவில் சூடேறும், நெடும்பயிற்சி கடினமாகும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆடவரோ 2016 முதல் 2022 வரை ஆறு நெடுவோட்டப் பட்டங்களை வென்றனர்.

இரண்டாவது, கணக்கு. 2024–25 கல்வியாண்டு வரை, முதல்நிலைப் பல்கலைக்கழகமொன்று தடகளத்திற்கும் நெடுவோட்டத்திற்கும் சேர்த்து ஆடவர்க்கு 12.6, மகளிர்க்கு 18 முழு உதவித்தொகைகளுக்கு மேல் வழங்க இயலாதிருந்தது. விரைவோட்ட வீரர் ஒருவரே 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் புள்ளி ஈட்டித் தருவார். நெடுவோட்டத்திலோ ஐவர் ஒருங்கே முன்வந்தால்தான் அணி உயரும். பயிற்சியாளர் எப்பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, காலம். இதயமும் தசைகளும் நெடுந்தொலைவுக்குப் பக்குவப்படப் பல்லாண்டுகள் ஆகும். பலன் முகிழ்க்கும் வேளையில் நான்காண்டுப் படிப்பு முடிந்துவிடுகிறது.

ஆக, காத்திருக்க இடந்தராத ஏற்பாடே கால்களைத் தளரச் செய்கிறது. மெல்ல மலரும் மாணவரையும் தேர்ச்சி விழுக்காட்டின் அவசரத்தில் நாம் இவ்வாறே இழந்துவிடுகின்றோமோ என்று ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.