புகை வடிகட்டி பழுதா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை



"நெல்லுக்கு மருந்து சொல்ற ஆளு, இன்னிக்கு வண்டிப் புகையைப் பத்திப் பேச வந்துட்டாரே" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தக்காளி போடும் விவசாயி ஒருவர் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகும் அவருடைய டீசல் பிக்கப் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. பட்டறையில் காட்டியிருக்கிறார். "புகை வடிகட்டி போச்சு, புதுசு போடணும், லட்சத்துக்குப் பக்கத்துல ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு பட்டறையில், "அதை அறுத்து எடுத்துட்டு வெறும் குழாய் வெச்சுடலாம், எட்டாயிரம் போதும்" என்றார்களாம். "ஒரு போகத்து லாபம் மொத்தமும் இதுக்கே போயிடும் போல இருக்கு சார். நகையை வைக்கட்டுமா, அறுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

இரண்டும் வேண்டாம், முதலில் நோய் என்னவென்று பார்ப்போம் என்றேன். டிராக்டர் வேலை தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதற்குப் போகும் சிறிய ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. அழுத்தக் கணக்கு தப்பானதால் எஞ்சின் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டு, இழுவையையும் குறைத்துவிட்டது. குழாயும் கூலியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

எல்லா வண்டிக்கும் இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலை உயர்ந்த பாகம் தானாகக் கெடுவது குறைவு. வேறு ஏதோ ஒன்று கெட்டு, அது இதைக் கெடுத்திருக்கும். அந்த மூலத்தைச் சரி செய்யாமல் புதுப் பாகம் போட்டால், அதுவும் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும். இதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

புகைக்குழாயில் என்னதான் இருக்கிறது?

பழைய வண்டியில் சைலன்சர் மட்டும்தான். ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்துக்கொண்டு போய்விடுவோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகை விதி வந்தது. அதன்பின் வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் பாகங்கள் பல சேர்ந்துவிட்டன.

முதலாவது, இ.ஜி.ஆர். வால்வு. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைக்கிறது. இதில் கரி படியும். பல சமயம் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

இரண்டாவது, கேடலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய அரிய உலோகங்கள் மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். விலை ஏன் இவ்வளவு என்பது இப்போது புரிகிறது அல்லவா?

மூன்றாவது, டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. டீசல் புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நான்காவது, சில வண்டிகளில் மட்டும் இருக்கும் யூரியா கரைசல் டாங்க். இதன் மூடி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

கரி வேறு, சாம்பல் வேறு

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு வடிகட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அழுக்கு சேர்ந்தால் அலசி விடுகிறோம். உடனே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதில்லை. அடிக்கடி மணல் வந்தால் கிணற்றைப் பார்க்கிறோம். கரி வடிகட்டிக்கும் இதே நியாயம்தான்.

கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றிக் கரியை எரித்துவிடும். அடுப்பில் விறகு எரிந்தபின் சாம்பல் மிஞ்சுவது போல, இங்கும் எஞ்சின் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் மட்டும் தங்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அது பல ஆண்டு சேர்ந்தபின், வடிகட்டியைக் கழற்றி அதற்கென்று உள்ள இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும். நாமே பிரஷர் தண்ணீர் அடித்தால் உள்ளேயிருக்கும் தேன்கூடு உடைந்துபோகலாம்.

தினமும் பால் சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் இந்தச் சூடு ஏறவே ஏறாது. எரிக்கத் தொடங்கியதும் நாம் வண்டியை அணைத்துவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வாரத்தில் ஒருமுறையாவது மெயின் ரோட்டில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். வடிகட்டி விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி உடனே செய்யுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால், ஓடித் தீர வேண்டிய அடைப்பு பட்டறைச் செலவாக மாறிவிடும்.

பணம் கட்டுமுன் செய்ய வேண்டியவை

ஒன்று: ஸ்கேனர் வைத்துப் பழுது எண்ணைப் படிக்கச் சொல்லி, எழுதி வாங்குங்கள். அந்த எண், எந்த இடத்தில் கணக்கு தப்புகிறது என்றுதான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் என்று எண் காட்டலாம். உண்மையில் அதற்கு முன்னால் புகைக்குழாய் ஜாயின்ட்டில் கசிவு இருக்கலாம்.

இரண்டு: மலிவானதை முதலில் பாருங்கள். ரப்பர் குழாய்கள், ஒயர், கிளாம்ப், கேஸ்கெட், ஏர் ஃபில்டர் இவற்றைப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

மூன்று: மூலத்தைத் தேடுங்கள். இன்ஜெக்டர் ஒழுகுகிறதா? டர்போ ஆயில் விடுகிறதா? பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் சரியாகத் தீப்பொறி விடாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக் மாற்றச் சோம்பல்பட்டு கன்வெர்ட்டரை இழக்கலாமா?

நான்கு: ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டு போனால் டீசல் கலக்கிறது என்று அர்த்தம். கரி எரிப்பு பாதியிலேயே நின்றுகொண்டிருந்தால் இப்படி ஆகும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள், எஞ்சினே போய்விடும்.

ஐந்து: வடிகட்டி அடைத்திருந்தால், பட்டறையில் இயந்திரம் மூலம் கரியை எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் சுத்தம் செய்வது. உள்ளே உடைந்தோ உருகியோ இருந்தால்தான் புதிது.

ஆறு: புதிது போட்டே ஆக வேண்டும் என்றால், வாரன்டி இருக்கிறதா என்று புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பில் வாங்குங்கள். பழைய கன்வெர்ட்டரைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு. அதைக் கழித்துத்தான் பில் போட வேண்டும் என்று கேளுங்கள்.

வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "யூரியாதானே சார், வீட்ல மூட்டை கெடக்கு" என்கிறார்கள். கூடவே கூடாது! வண்டிக்கு ஊற்றுவது 32.5 சதவிகித யூரியாவை உப்பு நீக்கிய சுத்தமான நீரில் கரைத்தது. நம் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. நமக்குக் கிடைக்கும் யூரியாவுக்கு 2015 முதல் முழுவதும் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு பயிருக்கு நல்லது, வண்டிக்கு விஷம். தெளிக்கும் முனை அடைபடும், உள்ளேயிருக்கும் கேடலிஸ்ட் கெடும். தவிரவும், மானிய யூரியாவை விவசாயம் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். தப்பித்தவறி அந்த டாங்கில் டீசல் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். டாங்கைக் காலி செய்து கழுவியபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அறுத்து எடுப்பது ஏன் தவறு?

எட்டாயிரத்தில் முடிகிறதே என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டரையும் ஏமாற்றியாக வேண்டும். அதில் தவறினால் வண்டி இழுக்காது. வாரன்டி போய்விடும். புகைச் சான்றிதழ் வாங்குவதிலும் சிக்கல் வரும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் முடங்கும்.

இன்னொன்றும் உண்டு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது யார்? களத்தில் நெல் தூற்றும் நம் வீட்டுப் பெண்களும், வண்டிக்குப் பின்னால் ஓடி வரும் நம் பிள்ளைகளும்தான்.

வருமுன் காப்போம்

கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ரக ஆயிலையே ஊற்றுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். கேனில் நாள்பட்ட டீசலையும் ஊற்ற வேண்டாம். ஏர் ஃபில்டரை அறுவடைக் காலத்தில் அடிக்கடி பாருங்கள். எலி வராமல் வண்டி நிற்கும் இடத்தைச் சுத்தமாக வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. கரி எரியும்போது புகைக்குழாய் நெருப்பாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் வைக்கோல் போர் அருகிலோ, காய்ந்த சருகின் மேலோ வண்டியை நிறுத்தாதீர்கள். வடிகட்டி போனால் காசு போகும். போர் பற்றிக்கொண்டால் மாட்டுக்குத் தீவனமும் போகும், உயிருக்கும் ஆபத்து.

அந்தத் தக்காளி விவசாயியின் நகை வீட்டிலேயே இருக்கிறது. வண்டியும் மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். முதலில் காரணத்தைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.